இறங்கி வந்த புத்தகங்கள்

பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டுப் பிறகு அதற்கு நூலகம் தேடுவதுதான் வழக்கம். ஜெருசலேமில் நடந்தது தலைகீழ். பினாய் பிரித் என்ற யூதச் சங்கம் 1892-லேயே அங்கே ஒரு சிறு நூலகத்தைத் திறந்துவிட்டது. ஹீப்ரு பல்கலைக்கழகம் கதவைத் திறக்க இன்னும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தச் சிறு நூலகமே பின்னாளில் பல்கலைக்கழகத்தின் நூலகமாகவும் இஸ்ரேலின் தேசிய நூலகமாகவும் ஆனது. ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தலைவர்களின் வரிசைப்படி சொல்வதைவிட, அதன் புத்தகங்கள் போன வழியே போய்ப் பார்ப்பது மேல்.

முதல் வழி ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டாக் நகரிலிருந்து வருகிறது. அங்கே யோசேப் காசனோவிச் என்று ஒரு மருத்துவர். ஜெருசலேமில் யூதர்களுக்கு ஒரு பெரிய நூலகம் வேண்டும் என்பது அவருக்குப் பித்தாகவே பிடித்திருந்தது. நோயாளிகளிடம் பணத்துக்குப் பதில் புத்தகம் வாங்கிக்கொள்வார் என்பார்கள். சேர்த்ததையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார். ஆயிரக்கணக்கான நூல்கள் போய்ச் சேர்ந்தன; அவர் அங்கே குடியேறவில்லை. 1919-ல் உக்ரைனில் வறுமையில் இறந்தார்.

பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சை 1897-ல் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாட்டில் எழுப்பியவர் ஹெர்மன் ஷபீரா, ஹைடல்பர்க்கில் கணிதம் கற்பித்தவர். இருபத்தோரு ஆண்டு கழித்து, 1918 ஜூலை 24 அன்று, ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலையில் அடிக்கல் நாட்டினார் சியோனிசத் தலைவர் வைஸ்மன். முதல் உலகப் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. பாலஸ்தீனத்தின் வடபகுதி இன்னும் துருக்கியர் கையில்தான் இருந்தது. ஜான் கிரே ஹில் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரின் தோட்டமும் வீடும்தான் அந்த நிலம். மலைக்கு மேற்கே பழைய நகரம், கிழக்கே சாக்கடல் வரை இறங்கும் பாலைவனம்.

வளாகத்துக்கு 1919-ல் வரைபடம் போட்டவர் நமக்கும் கொஞ்சம் தெரிந்தவர்: ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதியிருந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிக்கொண்டு இந்தியா வந்த கப்பலை 1914-ல் மூழ்கடித்தது வேறு எதுவுமல்ல, சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். மலை உச்சியில் பெரிய குவிமாட மண்டபம் ஒன்று எழும்புவதாக கெடிஸ் வரைந்தார். அது எழும்பவில்லை. அவர் திட்டத்தில் கல்லாக மாறிய கொஞ்சத்தில் ஒன்று டேவிட் வோல்ஃப்சோன் நூலகக் கட்டடம், 1930-ல்.

1925 ஏப்ரல் 1 அன்று மலைச்சரிவின் திறந்தவெளி அரங்கில் திறப்பு விழா. பால்ஃபர் பிரபு வந்து திறந்துவைத்தார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் என்று 1917-ல் பிரிட்டன் சார்பில் அறிக்கை விட்டவர் அவர். எனவே அரபுகள் அவர் வருகையைக் கண்டித்துக் கடையடைத்தார்கள். பல்கலைக்கழகம் பிறந்த அன்றே அதன் சண்டையும் கூடவே பிறந்துவிட்டது. தொடக்கத்தில் இருந்தவை மூன்றே ஆய்வு நிலையங்கள்: வேதியியல், நுண்ணுயிரியல், யூதவியல். இப்பல்கலைக்கழகத்துக்காக 1921-ல் வைஸ்மனோடு அமெரிக்கா போய் நிதி திரட்டிய, 1923-ல் அதே மலையில் சொற்பொழிவாற்றிய ஐன்ஸ்டைன் திறப்பு விழாவுக்கு வரவில்லை. தென் அமெரிக்காவில் இருந்தார். ஆனால் பொதுச் சார்பியல் கொள்கையைத் தன் கையால் எழுதிய 46 பக்கக் கையெழுத்துப் பிரதியைப் பரிசாகக் கொடுத்தார். அந்த நூலகத்துக்கு அதைவிடப் பெரிய வரவு பிறகு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நூலகத்தை 1920 முதல் நடத்தியவர் ஹூகோ பெர்க்மன். பிராக் நகரில் காஃப்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பின்னாளில் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டர். அவரிடம் நூலகராக வேலைக்குச் சேர்ந்தவர்தான் யூத மறைஞான ஆய்வின் பேரறிஞராகப் பிற்பாடு அறியப்பட்ட கெர்ஷோம் ஷோலெம்.

ஷோலெம் 1946-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். நாஜிகள் யூதர்களைக் கொன்றதோடு அவர்களுடைய புத்தகங்களைத் திருடிக் குவித்தும் வைத்திருந்தார்கள். அமெரிக்கப் படை அவற்றை ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் ஒரு கிடங்கில் சேர்த்தது. பல புத்தகங்களில் உரிமையாளர் பெயர் இருந்தது, உரிமையாளர்தான் இல்லை. ஷோலெம் அரிய சுவடிகளைப் பிரித்து ஐந்து பெட்டிகளில் ஒதுக்கினார். அனுமதி கிடைக்கத் தாமதமானதும், அமெரிக்கப் படையின் யூத மதகுரு ஒருவர் அந்தப் பெட்டிகளைச் சத்தமில்லாமல் கிளப்பிவிட்டார். வைஸ்மனின் சொந்தப் புத்தகங்களோடு கலந்து அவை ஜெருசலேம் போயின. பின்னர் வாரிசற்ற நூல்களைப் பிரித்தளிக்க ஓர் அமைப்பே ஏற்பட்டது. அதன் செயலாளராக இருந்து உழைத்தவர் ஹன்னா அரெண்ட். இறந்தவர்களின் புத்தகம் யாருக்குச் சேரும் என்ற கேள்விக்கு ஜெருசலேம் சொன்ன பதில்: எங்களுக்கு.

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொண்டு, யூதரும் அரபுகளும் மோதிய 1948 போருக்கு வருவோம்.

ஸ்கோபஸ் மலைக்கு ஏறும் சாலை ஷேக் ஜர்ரா என்ற அரபுக் குடியிருப்பு வழியே போனது. டேர் யாசின் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்களால் நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்ட நான்காம் நாள், ஏப்ரல் 13 அன்று, மலையில் உள்ள ஹடாசா மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்ற வண்டி வரிசையை அந்தச் சாலையில் அரபு ஆயுதக் குழுவினர் மறித்துத் தாக்கினார்கள். மணிக்கணக்கில் நீடித்த தாக்குதல். அப்போது நாட்டை ஆண்ட பிரிட்டனின் படை கிட்ட இருந்தும் உரிய நேரத்தில் தலையிடவில்லை. மருத்துவர், செவிலியர், பல்கலைக்கழக ஊழியர் என 78 பேர் இறந்தார்கள். யூதரும் அரபுகளும் ஒரே நாட்டில் சமமாக வாழ வேண்டும் என்று கடைசி வரை வாதாடிய பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸ், அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் காலமானார்.

போர் ஓய்ந்தபோது நகரம் இரண்டாகியிருந்தது. ஸ்கோபஸ் மலை ஜோர்தான் பகுதிக்கு நடுவே ஐ.நா. கொடியின் கீழ் ஒரு தீவு. கட்டடங்களைக் காக்க இஸ்ரேலியக் காவலர்கள் மட்டும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐ.நா. மேற்பார்வையில் வண்டிகள் போய் ஆள் மாற்றலாம். மாணவர்கள் கீழே, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் மேலே. பல்கலைக்கழகம் நகரெங்கும் வாடகைக் கட்டடங்களில் சிதறியது. பிரான்சிஸ்கன் துறவிகளின் டெர்ரா சாங்தா கல்லூரி அதற்கு முக்கியப் புகலிடம். யூதப் பல்கலைக்கழக மாணவர்கள் மாதா சிலை நின்ற கூரைக்குக் கீழே படித்தார்கள். மலையிலிருந்து புத்தகங்கள் திரும்பும் வண்டிகளில் சிறுகச் சிறுக இறங்கின. இடையிடையே துப்பாக்கிச் சூடு. 1958 மே மாதம் ஐ.நா. அதிகாரியான கனடியர் ஜார்ஜ் ஃபிளின்ட் மலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மேலே சிக்கிய புத்தகங்களுக்காகப் பல்கலைக்கழகம் தவித்த அதே மாதங்களில், கீழே மேற்கு ஜெருசலேமில் வேறொன்று நடந்தது. கட்டமோன் போன்ற பகுதிகளிலிருந்து தப்பியோடிய பாலஸ்தீனர்களின் வீடுகளில் புத்தகங்கள் அப்படியே கிடந்தன. நூலக ஊழியர்கள் படையினரைப் பின்தொடர்ந்து போய் ஏறத்தாழ 30,000 நூல்களை எடுத்து வந்தார்கள். கல்வியாளர் கலீல் அல்-சகாகினியின் நூல்களும் அவற்றில் உண்டு. மழையிலும் கொள்ளையிலும் அழியாமல் காத்தோம் என்பது நூலகத்தார் வாதம். உண்மைதான், எடுக்காவிட்டால் பல நூல்கள் அழிந்திருக்கும். ஆனால் காப்பது ஒன்று, வைத்துக்கொள்வது வேறு. ஆஃபன்பாக்கில் உரிமையாளர்கள் இறந்திருந்தார்கள். கட்டமோன்காரர்கள் எல்லை தாண்டிச் சில மணி நேரப் பயணத்தில் உயிரோடு இருந்தார்கள்.

பிறகு நடந்தவை வேகமாகச் சொல்லக்கூடியவை. நகரின் மேற்கே கிவாத் ராமில் புது வளாகம். 1960-ல் அங்கே புது நூலகம். 1967 போரில் கிழக்கு ஜெருசலேமை இஸ்ரேல் கைப்பற்றியதும் மலைக்கு வழி திறந்தது. 1981-க்குள் அங்கே கோட்டை போல ஒரு வளாகம் எழுந்தது; எனக்கு கெடிஸின் குவிமாடமே தேவலை. இன்று மானுடத் துறைகளும் சமூக அறிவியலும் சட்டமும் ஸ்கோபஸ் மலையில், இயற்கை அறிவியல் கிவாத் ராமில், மருத்துவம் ஐன் கெரெமில், வேளாண்மை ரெஹோவோத்தில். ஐன்ஸ்டைன் உயிலின்படி அவருடைய தாள்கள் 1982-ல் பிரின்ஸ்டனிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. தேசிய நூலகம் 2007-ல் வந்த சட்டத்தால் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, 2023 அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு எதிரே சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது.

பாலஸ்தீன வீடுகளிலிருந்து வந்தவற்றில் சுமார் 6,000 நூல்கள் அதன் அட்டவணையில் ‘ஏ.பி.’ என்ற குறியோடு இருக்கின்றன. ஆங்கிலத்தில் கைவிடப்பட்ட சொத்து என்பதன் சுருக்கம். பல நூல்களின் உள்ளே உரிமையாளரின் கையெழுத்தும் இருக்கிறது. நாஜிகள் திருடிய, வாரிசற்ற புத்தகங்கள் தனக்கே சேர வேண்டும் என்று கேட்ட நூலகம் இது. அந்த 6,000 நூல்களின் வாரிசுகளைத் தேடித் திருப்பிக் கொடுப்பதுதான் அதற்கு முறை.