ட்ரவுட்டும் திலாப்பியாவும்

வன்கூவரில் வாழும் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டீன் ஆற்றில் நின்று, வெள்ளியாய் மின்னும் பெரிய மீனொன்றை இரு கைகளாலும் ஏந்தியிருக்கிறார். வீதியில்லாத அவ்விடத்துக்கு ஹெலிகொப்டரில் சென்றாராம். மீனின் பெயர் ஸ்டீல்ஹெட். இயற்கையில் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராது என்பதால், படம் எடுத்ததும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

"விடுவதற்கா இவ்வளவு செலவழித்துப் பிடித்தாய்?" என்று கேட்டு எழுதினேன். "நீ கனகராயன்குளத்தான். உனக்கு இது விளங்காது" என்று பதில் வந்தது.

அந்த மீனுக்கு இலங்கையிலும் உறவு உண்டு என்பதை நண்பர் அறியார். வானவில் ட்ரவுட் என்னும் மீன் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்போதே ஸ்டீல்ஹெட் எனப்படுகிறது. 1880களில் மலையகத்துத் தோட்டத் துரைமார் முதலில் பழுப்பு ட்ரவுட்டையும், பின்னர் வானவில் ட்ரவுட்டையும் தருவித்து நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதிகளின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். அவர்களுக்கு மீன்பிடி பொழுதுபோக்கு. பசி அதற்குக் காரணமன்று.

வன்னியின் கதை வேறு. எங்கள் கனகராயன் ஆறு மாரியில் பாய்ந்து கோடையில் வற்றுவது. 1902இல் தொடங்கிய வேலையால் அதன் நீர் இரணைமடுவில் தேங்கியது. எங்களுக்கு மீன் என்றால் குளத்து மீன்தான். விராலும் கெளுத்தியும் இருந்த குளங்களுக்கு, 1952இல் அரசு இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாவும் வந்து சேர்ந்தது. வெப்பத்தையும் கலங்கலையும் தாங்கும். குஞ்சுகளைத் தாய் வாயில் வைத்துக் காக்கும். எங்கள் பக்கத்தில் அதனை 'யப்பான் மீன்' என்பர். விரால் வாங்க வசதியுள்ளவர் அதனைச் சற்று இளக்காரமாகவே பார்த்தனர்.

1990இல் மத எதிர்ப்பைக் கருதி அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தியது; 1994இலேயே மீண்டும் தொடங்கியது. அப்போது வன்னியில் பொருளாதாரத் தடையும் இருந்தது. குளத்து மீன் எவரையும் கேளாமல் பெருகியது.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டில் எங்கள் வளவில் மட்டும் மூன்று குடும்பங்கள் இருந்தன. காலையில் வீச்சு வலையோடு போனவர்கள் கொண்டுவந்த யப்பான் மீனை அம்மா புளி விட்டுச் சமைப்பார். நான்கு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டியில் உண்டனர். இளக்காரம் பேச எவரும் இருக்கவில்லை. 1997 மே மாதம் ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியபின் நாங்களும் சட்டி பானைகளோடு வெளியேறினோம்.

துரைமாரின் மீன்பிடி ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. நண்பரின் மீனுக்குப் புகைப்படம் இருக்கிறது. இடம்பெயர்ந்தோரின் பசியை ஆற்றிய மீனைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் கண்டதில்லை. பத்திரிகையாளனாக இருந்தும் நானே அன்று எழுதவில்லை. செய்தி என்றால் போர் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த நாட்களில் வன்னிக் குளங்களில் வலை வீசியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்ல வேண்டும். நாம் எழுதிவைக்க வேண்டும்.