கிரியேட்டினின் 1.2... ஒருவருக்கு ஓகே, இன்னொருவருக்கு எச்சரிக்கை! ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளில் உலை பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வியர்வை கொட்டும். தண்ணீர் குறைவு, உடம்பு வலிக்கு அடிக்கடி மாத்திரை... அடி வாங்குவது கிட்னி. ஆரம்பத்தில் அறிகுறியே தெரியாது.

ரத்தத்தில் முதலில் பார்ப்பது கிரியேட்டினின். தசையில் உருவாகும் இந்தக் கழிவை கிட்னி வடிகட்டி வெளியேற்றும். சிக்கல் என்னன்னா, கிட்னியின் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் இந்த எண் நார்மல் போலவே இருக்கலாம்.

அதனால் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் எவ்வளவுன்னு பாருங்க. வயது, பாலினத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு இது. கிரியேட்டினின் 1.2 இருந்தால் 25 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் சுமார் 86. அதே 1.2, 60 வயது பெண்ணுக்கு சுமார் 52 தான்! 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

மூட்டை தூக்கி உடம்பு இறுகியவர்களுக்கு கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டலாம். டெஸ்ட்டுக்கு முன் மட்டன் சாப்பிட்டாலும், ஷிஃப்ட் முடிந்த கையோடு தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்தாலும் ஏறலாம். சந்தேகம் இருந்தால் டாக்டர் சிஸ்டாடின்-சி எழுதுவார். அதைத் தசை அளவு பெரிதாக பாதிக்காது, கட்டணம்தான் அதிகம்.

ரத்தம் மட்டும் போதாது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைப் பரிசோதிக்க 2023-ல் தமிழக அரசு தனித் திட்டமே தொடங்கியது.