இன்சுலின் ஊசியும் நாய்களும்

நம் கரையோர ஊர்களில் இன்சுலின் ஊசி இப்போது யாருக்கும் புதிதல்ல. ஜெகதாப்பட்டினமானாலும் கோட்டைப்பட்டினமானாலும் தெருவுக்கு நாலு வீட்டில் பிரிட்ஜ் கதவில் அந்தச் சின்னக் குப்பி நின்றுகொண்டிருக்கிறது. அதே மருந்தை ஒரு நாய்க்குப் போடுவதைப் பார்த்தால் மட்டும் ஆச்சரியப்படுகிறார்கள். மனிதனுக்குக் கண்டுபிடித்த மருந்து நாய்க்குப் போகிறதே என்று. நடந்தது அப்படி அல்ல. அந்த மருந்து முதலில் வேலை செய்தது நாயின் உடம்பில்தான். மனிதனுக்கு வந்தது அதன் பிறகு.

நம் நாட்டு வைத்தியர்களுக்கு இந்த நோய் பழைய பழக்கம். மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். சிறுநீர் தேன்போல் இனிப்பதும் அதில் எறும்பு மொய்ப்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் சிறு வயதில் கொல்லைப்புறத்தில் எறும்புச் சாரையைப் பார்த்து, "யாருக்கோ சீனி வியாதி இருக்கு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் உடம்பில் எந்த உறுப்பு கெட்டதால் இது வருகிறது என்பது 1889 வரை உலகில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

அந்த வருடம் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் (அப்போது ஜெர்மனி, இப்போது பிரான்ஸ்) ஜோசப் வான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்று இரண்டு மருத்துவர்கள். கொழுப்பு செரிப்பதற்குக் கணையம் வேண்டுமா வேண்டாமா என்பது அவர்களுக்குள் இருந்த கேள்வி. சர்க்கரை வியாதியைப் பற்றிய நினைப்பே இல்லை. மின்கோவ்ஸ்கி ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார். நாய் பிழைத்தது. ஆனால் நன்றாகப் பழக்கப்பட்ட அந்த நாய், ஆய்வுக்கூடத் தரையெல்லாம் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. ஏன் வெளியே அழைத்துப் போகவில்லை என்று அவர் பணியாளைக் கேட்க, எத்தனை முறை அழைத்துப் போனாலும் உள்ளே வந்தவுடன் மறுபடி போகிறது என்று அந்த ஆள் சொன்னதாகச் சொல்வார்கள். மின்கோவ்ஸ்கி சிறுநீரைச் சோதித்தார். அதில் சர்க்கரை. சிறுநீரில் ஈ மொய்த்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அது பின்னால் சேர்ந்த அலங்காரம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. எனக்கும் அந்தப் பணியாளின் கதைதான் பிடித்திருக்கிறது. நாய் வளர்த்தவன் எவனும் அதை நம்புவான்.

பிறகு மின்கோவ்ஸ்கி இன்னொன்று செய்து பார்த்தார். கணையத்தின் ஒரு துண்டை நாயின் தோலுக்கு அடியில் பதித்து வைத்தார். அந்தத் துண்டு இருக்கும்வரை நாய்க்கு நோய் வரவில்லை. அப்படியானால் கணையம் ஏதோ ஒன்றை நேராக இரத்தத்தில் விடுகிறது என்று அர்த்தம். இப்படி இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் சுரப்புகளுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-ல் லண்டனில் ஸ்டார்லிங் என்பவர் வைத்தார். அவரும் பேலிஸும் 1902-ல் முதல் ஹார்மோனைக் கண்டதும் ஒரு நாயில்தான். அந்தப் பேலிஸ் அடுத்த வருடம் மாணவர்கள் முன்னால் ஒரு பழுப்பு நாயை அறுத்தது பெரிய வழக்காகி, அந்த நாய்க்கு 1906-ல் லண்டனில் சிலை வைத்து, சிலைக்காக மருத்துவ மாணவர்கள் கலவரம் செய்து, 1910-ல் சிலையையே எடுத்துவிட்டார்கள். அது தனிப் பதிவுக்கு ஆகும் கதை.

ஸ்ட்ராஸ்பர்க் நாய்க்குப் பிறகு 30 வருடம் பலர் முயன்றும் கணையத்தின் சாற்றை மருந்தாக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி வந்த குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோற்றைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக, சில மாதமோ ஒரு வருடமோ கூடுதலாக வைத்திருப்பார்கள்.

கனடாவில் பிரடெரிக் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் 1920 அக்டோபர் 31 அதிகாலையில் தூக்கம் வராமல் எழுந்து ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். கணையத்தின் நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானச் சாறு சுரக்கும் பகுதி சுருங்கிப் போகும், மிச்சமிருக்கும் பகுதியிலிருந்து சாறு எடுக்கலாம் என்பது யோசனை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மெக்லியாட் என்ற பேராசிரியரிடம் போய்க் கேட்டார். அவர் ஒரு அறையும், சில நாய்களும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போய்விட்டார். 1921 மே 17-ல் வேலை தொடங்கியது. கொடும் வெயில். அறுவை செய்த நாய்கள் சீழ்பிடித்து ஒவ்வொன்றாகச் செத்தன. கொடுத்த நாய்கள் தீர்ந்ததும் தெருவில் விலைக்கு வாங்கினார்கள்.

ஜூலை 30-ல் 410 என்று எண் போட்ட நாய்க்குச் சாற்றைச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 200-லிருந்து 120-க்கு இறங்கியது. நாய் பிழைக்கவில்லை, ஆனால் கணக்கு நின்றது. ஆகஸ்டில் 92-ம் எண், மஞ்சள் நிறக் கோலி நாய். கணையம் இல்லாத அது சாற்றின் பலத்தில் எழுந்து நடந்து, பான்டிங்கிடம் ஒட்டிக்கொண்டது. சாறு தீர்ந்தபோது அதுவும் போனது. நோயாளிகள் இறந்து பார்த்தும் கண் கலங்காத தனக்கு, அந்த நாய் செத்தபோது அழுகையை அடக்க முடியாமல் தனியாகப் போக வேண்டியிருந்தது என்று பான்டிங் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கத்தி எடுத்ததும் அவர்தான், அழுததும் அவர்தான். இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை.

33-ம் எண் நாய்க்கு மார்ஜரி என்று பெயர் இருந்தது. கணையம் இல்லாமல் ஊசியின் பலத்தில் அது 70 நாள் உயிரோடு இருந்தது. அதற்குள் மாட்டுக் கணையத்திலிருந்து சாறு எடுக்கப் பழகியிருந்தார்கள். கோலிப் என்ற வேதியியல்காரர் வந்து அதைச் சுத்தம் செய்யும் வழியைக் கண்டார். 1922 ஜனவரி 11-ல் டொரன்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. 23-ல் கோலிப் சுத்தம் செய்த மருந்தைப் போட்டார்கள். பையன் பிழைத்தான். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. அதைப் பங்கிட்டுக்கொண்டதில் நடந்த மனக்கசப்பெல்லாம் நமக்கு வேண்டாம்.

நான் 30 வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். பாடப் புத்தகத்தில் பான்டிங் இருப்பார், பெஸ்ட் இருப்பார். மார்ஜரி இருந்ததில்லை.

பிறகு பல காலம் மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும்தான் இன்சுலினுக்கு மூலம். இதில் ஒரு விசேஷம். பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அணு பிசகாமல் ஒன்று. மனித இன்சுலினுக்கும் அவற்றுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். 1978-ல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினையே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1982-ல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. வித்தியாசம் அவ்வளவு சின்னது என்பதால் நம் மருந்துக்கடைக் குப்பி நாயின் உடம்பிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் நாயை ஒரு நோயாளியாக உட்கார வைத்துப் பார்ப்பதற்கு நம் பக்கத்தில் நாள் பிடித்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் அந்த நாய்க்குக் கணையம் எடுத்த அதே 1889-ல் புனேயில் அரசாங்கம் ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடம் தொடங்கியது. மாட்டைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்தான் அவர்கள் கவலை. 1903-ல் சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி வந்தது. அதுவும் முக்கியமாக மாட்டுக்கும் குதிரைக்கும். நாய்க்கு வைத்தியம் என்றால் வெறிநாய்க்கடிப் பயம் ஒன்றுதான். நம் கரை 1974 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தத் தஞ்சாவூர்ச் சீமைக்கே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 2012-ல்தான்.

எங்கள் வீட்டு நாய் கருப்பிக்கு 2017-ல் இந்த நோய் வந்தது. நாட்டு நாய், பெட்டை, எட்டு வயது. வாளித் தண்ணீரைக் குடித்துக் காலி செய்தது. வைத்த சோற்றையெல்லாம் தின்று இளைத்துக்கொண்டே போனது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். காதோரம் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். 400-க்கு மேல். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குப் பருவம் முடிந்தபின் கர்ப்பப்பைப் பக்கத்து ஹார்மோன் ஏறி இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும், அதனால் இவற்றுக்குத்தான் அதிகம் வரும் என்று விளக்கினார். நம்மில் வயதானவர்களுக்கு வருவது மாத்திரைக்கு அடங்கும். நாய்க்கு வருவது பெரும்பாலும் லியனார்ட் தாம்சனுக்கு வந்த மாதிரி, மாத்திரை கேட்காது. ஊசி இல்லையென்றால் சில வாரம். ஊசி என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உயிருள்ளவரை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தது நான்தான். என் மனைவி அங்கேயே, "எப்படிப் போடுறதுன்னு காட்டுங்க சார்" என்று கேட்டுவிட்டாள்.

காலை ஆறரை, மாலை ஆறரை. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. பால் போலிருக்கும் மருந்து. குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து 8 யூனிட். 400 யூனிட் உள்ள குப்பி 25 நாளைக்கு வந்தது. சிகப்பு மூடி ஊசிதான் 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மாற்றி எடுத்தால் அளவு தலைகீழாகிவிடும். நாய் வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, ஊசி போடும் எல்லோருமே இதைக் கவனிக்க வேண்டும். சாப்பாடும் தினம் ஒரே அளவு, ஒரே மாதிரி. நம் ஊரில் அது லேசில்லை. படகு வரும் நாளில் மீன் மலிந்து கிடக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கண்ணில் படாது. மீனை நம்பாமல் கோழிக்கும் சோற்றுக்கும் மாற்றினோம். மூன்று வருடம் நானும் அவளும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் இருந்தோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா அடித்தது. அதைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரமும் படகும் மின்கம்பமும் போனபின், எங்கள் வீட்டில் பிரிட்ஜ் வெறும் அலமாரி. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இன்சுலின் போடுகிறவர். அவர்தான் இரண்டு மண்பானை கொண்டுவந்தார். பெரிய பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பிகள், மேலே ஈரத்துணி. மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கரண்ட் வரும்வரை அவருடைய குப்பியும் கருப்பியின் குப்பியும் அந்த ஒரே பானையில் இருந்தன. கலந்துவிடாமல் இருக்க ஒன்றில் கறுப்பு நூல் கட்டி வைத்தோம். "நாயோட மருந்துகூட வைக்கிறோமேன்னு சங்கடமில்லையா பெரியம்மா?" என்று கேட்டதற்கு, "நமக்கு முந்தி அதுதானே போட்டுக்கிட்டுச்சுன்னு நீதானே தம்பி சொன்ன" என்றார். டொரன்டோ கதையை அவருக்கு ஒருநாள் திண்ணையில் சொல்லியிருந்தேன்.

ஊசி போட்டாலும் நாய்களுக்குக் கண்புரை விழுவதைப் பெரும்பாலும் தடுக்க முடிவதில்லை. கருப்பிக்கு அந்த வருடமே பார்வை போய்விட்டது. வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றாமல் இருந்தோம்; அது முட்டாமல் நடந்தது. மாலை ஆறரைக்குக் கண் தெரியாமலே பிரிட்ஜ் பக்கம் வந்து உட்காரும்.

2020-ல் போய்விட்டது, ஒரு மழை நாளில், தூக்கத்தில். திறக்காத இரண்டு குப்பிகள் மிச்சம் இருந்தன. பெரியம்மா போடுவதும் அதே மருந்துதான். தேதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, இரண்டையும் எடுத்துப் போனார்.