வால் வெட்டின வேட்டை நாய்கள்

காக்கர் ஸ்பேனியல் நாயைப் பட்டணத்துல பாத்திருப்பீங்க. காது நீளமாத் தொங்கும், வால் மட்டும் விரல் நீளம்தான் இருக்கும். பொறப்பே அப்படின்னு பல பேர் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. கிடையாதுங்க. அது முழு வாலோட பொறக்குற நாய். பொறந்த சில நாள்லயே கத்திரியால வெட்டுவாங்க, இல்லேன்னா ரப்பர் வளையத்தை இறுக்கி மாட்டிடுவாங்க. மரத்துப்போற ஊசி பெரும்பாலும் கிடையாது.

இது ரொம்பப் பழைய பழக்கம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ரோமாபுரியில கொலுமெல்லா என்பவர் விவசாயத்தைப் பத்திப் பெரிய நூல் எழுதினார். குட்டி பொறந்து 40 நாள் ஆனதும் இடையர்கள் வால் நுனியைக் கடிச்சு எடுத்தா வெறிநோய் வராதுன்னு அதுல இருக்கு. வெறிநோய் கடியால பரவுற கிருமி, அதுக்கும் வாலுக்கும் சம்பந்தமில்லை. பின்னாடி இங்கிலாந்துல 1796-ல நாய்க்கு வரி போட்டாங்க. வேலைக்கார நாய்னு காட்டி வரியிலேருந்து தப்பிக்க வாலை வெட்டினாங்கன்னு ஒரு பேச்சு அங்க உண்டு.

துப்பாக்கி வேட்டைக்காரங்க சொல்ற காரணம் வேற. ஸ்பேனியல் முள்ளுப் புதருக்குள்ள நுழைஞ்சு, பதுங்கியிருக்கிற பறவையைக் கிளப்பணும். மோப்பம் பிடிக்கிறப்போ அதோட வால் நிக்காம ஆடும். முள்ளுல அடிபட்டு நுனி கிழிஞ்சா லேசுல ஆறாது, திரும்பத் திரும்ப ரத்தம் வரும். அதே வேட்டையில, விழுந்த பறவையைக் கவ்விட்டு வர்ற லாப்ரடாருக்கும், திறந்த வெளியில ஓடுற இங்கிலீஷ் பாயிண்டருக்கும் வாலை வெட்டுறதில்லை. ஆக, வேலையைப் பாத்துத்தான் வெட்டியிருக்காங்க.

19-ஆம் நூற்றாண்டுல நாய்க் கண்காட்சிகள் வந்துச்சு. இந்தச் சாதிக்கு வால் இவ்வளவுதான் இருக்கணும்னு அழகுக்கணக்கு சேந்துக்கிச்சு. புதரையே பாக்காத வீட்டு நாய்க்கும் வெட்டு விழுந்துச்சு.

எண்ணிப் பாத்ததெல்லாம் ரொம்பப் பிந்தித்தான். 2010-ல பிரிட்டன் கால்நடை மருத்துவமனைகள்ல சுமார் 1,38,000 நாய்களோட பதிவைப் பாத்தாங்க. வால் காயம் 281 தான். ஒரு காயத்தைத் தடுக்க ஏறக்குறைய 500 நாய்க்கு வால் வெட்டணும்னு கணக்கு வந்துச்சு. ஆனா 2014-ல கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்து வேட்டை நாய்களை மட்டும் விசாரிச்சப்போ, வால் வெட்டாத ஸ்பேனியல்ல பாதிக்கு மேல ஒரே பருவத்துல காயம்பட்டிருந்ததா உரிமையாளர்கள் சொன்னாங்க. ரெண்டு கணக்கும் சரிதான். ஒண்ணு எல்லா நாய்க்கும், இன்னொண்ணு முள்ளுக்குள்ள போற நாய்க்கும்.

சட்டமும் இதே இழுபறியிலதான் போச்சு. இங்கிலாந்துல 2007-ல தடை வந்துச்சு. வேட்டை மாதிரி வேலைக்குப் போற நாய்னு சான்று காட்டினா, அஞ்சு நாளுக்குள்ள மருத்துவர் வெட்டலாம். அப்படி வெட்டின நாயைக் கட்டணம் வாங்குற கண்காட்சியில அழகுக்கு நிறுத்தக் கூடாது. ஸ்காட்லாந்து அதே வருசம் முழுசா தடுத்துச்சு. 2017-ல ஸ்பேனியல் மாதிரி சில வேட்டை நாய்களுக்கு மட்டும் மூணுல ஒரு பங்கு வரைக்கும் வெட்ட விட்டுக்கொடுத்துச்சு.

நாங்க காளைக்குக் காயடிக்கிறோம், கன்னுக்குக் கொம்பு சுடுறோம். அதனால வெட்டுன்னு கேட்டதுமே கொடுமைன்னு கத்த எனக்கு வாய் வராது. புதருக்குள்ள உழைக்கிற நாய்க்கு அது பின்னால வர்ற பெரிய வலியைத் தடுக்கலாம். ஆனா அஞ்சு நாள் குட்டி வேட்டைக்குப் போகுமா, யார் வீட்டுச் சோபாவுல படுக்குமான்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்? ஒரே ஈத்துல பொறந்த அத்தனையும் வேட்டைக்குப் போகாதே.

நம்ம அடுக்குமாடி வீட்டுக்கு வர்ற குட்டிக்கு அந்தக் குழப்பமே இல்லை. அது முள்ளுக்குள்ள போகப் போறதில்லை. ஸ்பேனியல் வாங்கப் போறவங்க, வால் நீளமா இருந்தா சாதி சுத்தமில்லையோன்னு சந்தேகப்பட வேண்டாம். முழு வாலோடயே குடுங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.