ஜோ மார்ச்சுக்கு மதுரையில் சடங்கு வைத்திருந்தால்...

போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய புத்தகம் கையில் கிடைச்சது. லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்'. முன் அட்டை இல்லை. முதுகில் கோந்து காய்ஞ்சு பொடியாக் கொட்டுது. 1984-ல் புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் அப்பா பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. மதுரைக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டின மண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின், வளையல், பாத்திரம், பாடப் புத்தகம்னு கடைகளா இருந்த காலம் அது. இப்போ அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயாச்சு.

அப்போ நான் எட்டாங்கிளாஸ். செல்லூரிலிருந்து யானைக்கல் கல்பாலம் வழியா நடந்து பள்ளிக்கூடம் போவோம். நானும் என் தோழியும். (பேர் வேண்டாமே, அவளுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க.) வைகையில் தண்ணி வந்துட்டா ஏ.வி. பாலம் சுத்திப் போகணும். கூடுதலா கால் மணி நேரம் கதை பேசலாம்னு எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. எனக்கும் தகராறுதான், ஆனா வீட்டில் டிக்‌ஷனரி இருந்தது. ராத்திரி நாலு பக்கம் படிச்சுட்டுக் காலையில் பாலத்தில் அவளுக்குத் தமிழில் சொல்வேன்.

ஜோவோட கதை முதல் தடவையா பத்திரிகையில் அச்சாகி வர்ற இடம் வரைக்கும் சொன்னேன். அதுக்கடுத்த வாரம் அவ சமைஞ்சுட்டா. வீட்டு ஓரமா குச்சு கட்டினாங்க. தாய்மாமன் சீர் தட்டு தட்டா வந்தது. ஊரே சாப்பிட்டது. நானும்தான் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் அவ பள்ளிக்கூடம் வரலை. மூணு வருஷத்தில் கல்யாணம்.

இந்தப் பதிவு அழுகாச்சிப் பதிவு இல்லை மக்களே, பயப்பட வேண்டாம் :-) ஒரு வரலாற்றுக் கேள்வி. பெண் பிள்ளைகளோட சிநேகிதத்தையும் அவங்க வளர்றதையும் பத்தி உலகம் முழுக்க சிறார் நாவல்கள் 'கிளாசிக்' ஆகியிருக்கு. நம்ம தமிழில், இவ்வளவு கதை சொல்லி வளர்ந்த மண்ணில், அப்படி ஒண்ணு சட்டுனு ஏன் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது?

முதலில் அந்தப் பக்கக் கதையைப் பார்த்துடலாம். 1868-ல் பாஸ்டனில் ஒரு பதிப்பாளர் ஆல்காட்டிடம் "பெண் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதிக் கொடுங்க"ன்னு கேட்கிறார். அவருக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. ஆனா வீட்டில் பணக் கஷ்டம். தன் அக்கா தங்கைகளையே மாதிரியா வெச்சு எழுதினார். அந்த வருஷ செப்டம்பரில் புத்தகம் வந்தது, பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கதை தொடங்கும்போது மெக்குக்கு 16 வயசு, ஜோவுக்கு 15, பெத்துக்கு 13, ஏமிக்கு 12. ஜோ மச்சில் உட்கார்ந்து ஆப்பிள் தின்னுக்கிட்டு, ஒரு எலியைத் துணைக்கு வெச்சுக்கிட்டுக் கதை படிப்பா.

பின்னாடியே வரிசையா வந்தாங்க. 1880-81-ல் சுவிட்சர்லாந்தின் ஹைடி. 1908-ல் கனடாவின் ஆன், அவளோட உயிர்த்தோழி டயானா. 1946-லிருந்து 1951 வரைக்கும் எனிட் பிளைட்டனின் 'மாலரி டவர்ஸ்' ஆறு புத்தகம், விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்களோட கதை. இதில் வேடிக்கை, பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் எழுதின ரெண்டு கதாநாயகிகள் நம்ம நாட்டிலிருந்து கப்பல் ஏறினவங்க. 'லிட்டில் பிரின்சஸ்' சாரா லண்டன் பள்ளிக்குப் போறது இந்தியாவிலிருந்து. 'சீக்ரெட் கார்டன்' மேரியோட அப்பா அம்மா காலராவில் சாகறது இந்தியாவில். ஆனா ரெண்டு பேரும் வெள்ளைக்காரப் பிள்ளைங்க. அவங்களை வளர்த்த ஆயாவோட மகளுக்கு என்ன வயசு, அவளுக்கு யார் சிநேகிதின்னு எந்தப் புத்தகமும் சொல்லலை.

பாஸ்டனுக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நிறையவே இருக்கு. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்தாங்களே அமெரிக்க மிஷன்காரங்க, அவங்க தலைமை அலுவலகம் இருந்தது பாஸ்டனில்தான். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-லேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினவங்க. மதுரையில் 1835-ல் அவங்க தொடங்கின பெண்கள் பள்ளிதான் பின்னாடி கேப்ரன் ஹால்னு பேர் வாங்கினது. லேடி டோக் கல்லூரியை 1948-ல் தொடங்கின கேட்டி வில்காக்ஸும் அந்த மிஷன் வழியில் வந்தவர்தான்.

இன்னொரு சங்கதி. ஜோ வீட்டுப் பிள்ளைங்க சின்ன வயசில் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' கதையை விளையாட்டா நடிப்பாங்க. மூட்டையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுவாங்க. ஜான் பன்யனோட அதே நூலைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' காப்பியம் பாடினார், 1894-ல். அதாவது ஜோ கையிலிருந்த புத்தகம் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து தமிழ்ச் செய்யுளாகவே ஆயிடுச்சு. ஜோ மட்டும் வரலை.

ஏன் வரலை? எனக்குத் தோணுற பதில் இது: அந்த மாதிரி நாவலுக்கு முதல் தேவை கதையோ எழுத்தாளரோ இல்லை, வருஷங்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஒரு பெண்ணுக்குச் சொந்தமா ஆறு வருஷம் இருக்கணும். குழந்தையும் இல்லை, மனைவியும் இல்லைங்கற ஆறு வருஷம். சிநேகிதம் முளைக்கிறதும் சண்டை போட்டுப் பிரிஞ்சு திரும்பச் சேர்றதும் அதில்தான்.

1868-ல் மார்ச் சகோதரிகள் நம்ம ஊரில் பிறந்திருந்தா? பால்ய விவாகம் செய்த சாதின்னா நாலு பேருக்கும் கல்யாணம் முடிஞ்சிருக்கும். மெக் இடுப்பில் குழந்தை இருக்கும். அந்த வழக்கமில்லாத உழைக்கிற குடும்பம்னா நாலு பேரும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போயிருப்பாங்க. ரெண்டு வீட்டிலும் மச்சு கிடையாது, ஆப்பிளும் கிடையாது.

ஆதாரம் கேட்டா நம்ம முதல் நாவல்களையே பாருங்க. கிருபாபாய் சத்தியநாதன் எழுதின 'கமலா' (1894) சின்னப் பெண்களோட கதைதான். தோழிகளும் உண்டு, அரட்டையும் உண்டு. ஆனா எல்லாரும் கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருக்கிற சின்னப் பெண்கள். அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903) ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்ற மாதிரி எழுதினது. அவ குழந்தை விதவை. நம்ம நாவலில் சிறுமி உள்ளே வரும்போதே தாலியோட வர்றா, இல்லேன்னா தாலி அறுத்துட்டு வர்றா. எழுத்தாளர்களைக் குறை சொல்ல முடியாது. அவங்க பார்த்த சிறுமிகள் அப்படித்தான் இருந்தாங்க.

சட்டமும் ஆமை வேகம்தான். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணோட குறைந்தபட்சக் கல்யாண வயசை 14-ன்னு வெச்சது. 1949-ல் 15. 18 ஆனது 1978-ல். அந்த ஆறு வருஷத்தைக் காகிதத்தில் வாங்கவே அரை நூற்றாண்டு!

ஆனா சட்டம் மட்டும் காரணம்னு சொன்னா என் தோழி கதை இடிக்கும். அவ சமைஞ்சது 1984-85-ல். சட்டம் 18-ன்னு சொல்லி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. இங்கேதான் சடங்கு வருது. ஆல்காட், மாண்ட்கோமரி புத்தகங்களில் ஒரு பெண் எந்தத் தேதியில் பெரியவளானாள்னு யாராவது காட்ட முடியுமா? அங்கே வளர்றது ஒரு நடை, மெதுவா நடந்து போறாங்க. அந்த விஷயத்தைப் பத்தி வாயே திறக்காத வெட்கமும் அதில் இருக்கு, ஒத்துக்கறேன். நம்ம ஊரில் வளர்றது ஒரு நாள். பத்திரிகை அடிச்சு, மைக் செட் கட்டி, மாமன் சீரோட ஊருக்கே அறிவிக்கிற நாள். அதில் அன்பும் கொண்டாட்டமும் இருக்கு, அதையும் மறுக்கலை. ஆனா நிறைய வீட்டில் அன்னிக்குத்தான் கதவு சாத்துவாங்க. கதவுக்கு வெளியே நிக்கிறது யாரு? கூடப் படிச்சவதான்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கும் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. அப்பா வீட்டிலேயே படிக்க வெச்சதால் 1912-ல் டாக்டரா வெளியே வந்தார். அவருக்கு அப்படி ஒரு அப்பா அமைஞ்சார்.

மதுரையிலிருந்து திருச்சி ரோட்டில் மேலூர், கொட்டாம்பட்டி தாண்டினா துவரங்குறிச்சி. அங்கே ஒரு 13 வயசுப் பெண் தோழிகளோட சினிமா பார்த்துட்டு வந்தா. அதோட படிப்பு நின்னுச்சு, வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளே. அவங்கதான் கவிஞர் சல்மா. 2004-ல் வந்த அவரோட 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ராபியாங்கற சிறுமியும் சினிமாவுக்குப் போய்ட்டு வந்து அடி வாங்குறா. தமிழில் பெண் பிள்ளைகளோட சிநேகிதத்தை இவ்வளவு நெருக்கமா எழுதின நாவல் எனக்கு வேறே தெரியலை. சல்மா 2025-ல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார்.

வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவோட 'கருக்கு' 1992-ல் அச்சானது நம்ம மதுரையில்தான். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த 'சங்கதி'யில் மைக்கண்ணின்னு ஒரு சின்னப் பெண் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவா. அவ பிள்ளைப் பருவத்தை முடிச்சு வெச்சது தாலியும் இல்லை, சடங்கும் இல்லை, வயித்துப்பாடு. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு இதுதான் கதை!

இப்போ புரியுதா நான் எங்கே வர்றேன்னு? நம்மகிட்ட பெண் பிள்ளைப் பருவத்தோட கிளாசிக் இருக்கு. ஆனா அது சிறார் அலமாரியில் இல்லை. கதவு சாத்தப்பட்ட பிள்ளைங்க வளர்ந்து, முப்பது வயசுக்கு மேலே, திரும்பிப் பார்த்து, பெரியவங்களுக்கு எழுதினது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது. அந்த வயசுக்கு நாம கொடுத்தது 'அம்புலிமாமா', 'கண்ணன்', 'கோகுலம்'. நல்ல பத்திரிகைகள்தான், நான் வளர்ந்ததே அதில்தான். ஆனா என் ஞாபகத்தில் துப்பறியப் போறதும் குகைக்குள்ளே மாட்டுறதும் பெரும்பாலும் பையன்கள். இதில் ஒரு ஆறுதல், அம்பை தன் பதின்வயதில் 'கண்ணன்' பத்திரிகைக்குத்தான் 'நந்திமலைச் சாரலிலே' நாவலை எழுதினார். நம்ம ஜோ அவர்தான்னு வெச்சுக்கலாம் :-)

சரி, தோழி கதைக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தா. பிள்ளைகுட்டி விசாரிச்சு முடிச்சதும் கேட்டா:

"ஏண்டி, அந்த ஜோவோட கதை பேப்பர்ல வந்துச்சே, அப்புறம் அவ என்ன ஆனா?"

முப்பது வருஷத்துக்கு மேலே ஆச்சுங்க! சொன்னேன். பெத் செத்துப்போறதைச் சொன்னப்போ கையை இலையிலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. உண்மையைச் சொன்னா அது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 1869-ல் வந்த ரெண்டாம் பாகத்தை இங்கிலாந்தில் தனிப் புத்தகமா விற்றாங்க. எங்கிட்ட இருந்தது முதல் பாகம் மட்டும். அந்த ரெண்டாம் பாகத்துக்கு அங்கே வெச்ச பேர் என்ன தெரியுமா? 'குட் வைவ்ஸ்', நல்ல மனைவிகள். ஆல்காட் வெச்ச பேர் இல்லை, பதிப்பாளர் வேலை. ஜோ யாரைக் கட்டிப்பாள்னு வாசகிகள் கடிதம் போட்டுத் துளைச்சாங்க. ஜோவைக் கல்யாணமே இல்லாமல் விடத்தான் ஆல்காட்டுக்கு ஆசை. அவரும் கடைசிவரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை. பாஸ்டன் பக்கத்திலும் கதவு சாத்தத்தான் பார்த்திருக்காங்க. கொஞ்சம் லேட்டா, அவ்வளவுதான்.

"கடைசியில ஒரு வாத்தியாரைக் கட்டிக்கிட்டு, பையன்களுக்குப் பள்ளிக்கூடம் வெச்சுட்டா"ன்னு முடிச்சேன்.

"பையன்களுக்கா? ஏன், பொட்டப்பிள்ளைகளுக்கு வெக்க மாட்டாளாமா?"

எட்டாங்கிளாஸோட நின்னவ கேட்ட விமர்சனம். இதைவிட நல்ல விமர்சனம் நான் படிச்சதில்லை.

2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்களே, போன வாரம் அவளும் நானும் அவ பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஆறாவது படிக்கிறா. குழந்தைகள் பிரிவில் ஒரு மணி நேரம் துழாவிட்டு ஜப்பானியச் சிறுமி 'டோட்டோ-சான்' தமிழ்ப் புத்தகத்தோட உட்கார்ந்தா. பாதி படிச்சுட்டு நிமிர்ந்து, "பாட்டி, இது மாதிரி நம்ம ஊர் பிள்ளைங்க கதை இருக்கா?"ன்னு கேட்டா.

பாட்டி என்னைப் பார்த்தா. நான் அலமாரியைப் பார்த்தேன்.

சொல்லுங்க மக்களே. பன்னிரண்டு வயசுப் பெண் படிக்கிற மாதிரி, ரெண்டு தோழிகள் சேர்ந்து வளர்ற மாதிரி, கதவு சாத்தாத ஒரு தமிழ் நாவல் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பின்னூட்டத்தில் பேர் போடுங்க, வாங்கிக் கொடுத்துடறேன். இல்லேன்னா யாராவது எழுதுங்களேன். கல்பாலத்திலிருந்து தொடங்குங்க. தண்ணி வர்ற நாளா இருந்தா இன்னும் நல்லது.