எதற்கு விசுவாசம்? ஹை-ஃபை பிரியர்களும் அவர்கள் ஒதுக்கிய இசையும்

ஹை-ஃபிடெலிட்டி என்ற சொல்லின் நேர்ப்பொருள் உயர் விசுவாசம். மூல ஒலிக்கு ஓர் அம்பிளிஃபயரும் ஒலிபெருக்கியும் எவ்வளவு விசுவாசமாக இருக்கின்றன என்பதுதான் கணக்கு. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எது அந்த மூல ஒலி என்ற கேள்விக்கு ஹை-ஃபை உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதிலில்தான் அதன் இசை ரசனை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர்கள் ஏன் ஜாஸைக் கொண்டாடுகிறார்கள், ஏன் டிஸ்கோவையும் ஹிப்-ஹொப்பையும் ஏளனமாகப் பார்த்தார்கள் என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

உலகின் எந்த ஊரில் நடக்கும் ஹை-ஃபை கண்காட்சிக்குப் போனாலும் அறைக்கு அறை கேட்கும் பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றுதான். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ (1959), பிங்க் ஃபுளொய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973), ஸ்டீலி டானின் ‘ஏஜா’ (1977), டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985), ஜெனிஃபர் வோர்ன்ஸ், டயானா குரோல், 2002 இல் வந்த நோரா ஜோன்ஸின் முதல் அல்பம். இவற்றோடு ஈகிள்ஸ் குழு 1994 இல் மேடையில் வாசித்த ‘ஹொட்டேல் கலிபோர்னியா’. இந்தக் கடைசிப் பாட்டை ஹை-ஃபை விற்பவர்களே வெறுக்கும் அளவுக்குப் போட்டுவிட்டார்கள்.

இவை தெரிவானதற்குக் காரணம் உண்டு. மனிதக் குரல் நம் காதுக்கு மிகவும் பழக்கமான ஒலி. அதில் சிறு பிசகு இருந்தாலும் பிடித்துவிடுவோம். எனவே பின்னணி அதிகம் இல்லாத ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியைச் சோதிக்க வசதியானது. ‘ஹொட்டேல் கலிபோர்னியா’ மேடைப்பதிவில் தந்திகளின் மினுக்கம், தாளக்கருவியின் அடிவயிற்று அதிர்வு, மண்டபத்தின் விரிவைக் காட்டும் கைதட்டல் ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் கிடைக்கின்றன. விற்பனையாளருக்கு வேறென்ன வேண்டும்?

கேட்பதற்குப் பாட்டா, காட்டுவதற்குப் பாட்டா என்ற குழப்பம் புதிதல்ல. கொலம்பியா நிறுவனம் நீண்ட நேர இசைத்தட்டை அறிமுகம் செய்தது 1948 இல். அமெரிக்காவில் ‘ஹை ஃபிடெலிட்டி’ சஞ்சிகை தொடங்கியது 1951 இல். அந்தக் காலத்தில் எமொரி குக் என்ற ஒலிப்பதிவாளர் நீராவி ரயில்களின் இரைச்சலைப் பதிந்து இசைத்தட்டாக வெளியிட்டார். ஹை-ஃபை ஆர்வலர்கள் அதை வாங்கி வரவேற்பறையில் ரயில் ஓட்டினார்கள். (அதே குக் டிரினிடாட் தீவின் கலிப்ஸோவையும் ஸ்டீல் பேண்ட் இசையையும் அக்கறையோடு பதிந்தவர் என்பதையும் சொல்லவேண்டும்.) 1959 இல் இனொக் லைட் வெளியிட்ட ‘பெர்ஸ்வேசிவ் பெர்கஷன்’ தாளக்கருவிகளின் ஒலியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி எறிந்தது. இரண்டு ஒலிபெருக்கி வாங்கிய எல்லோரும் அதை வைத்திருந்தார்கள். பாட்டு எப்படி என்று எவரும் கேட்கவில்லை.

இந்த விளையாட்டுக்கு ஒரு தத்துவத்தைக் கொடுத்தவர்கள் பிறகு வந்தார்கள். ஜே. கோர்டன் ஹோல்ட் 1962 இல் ‘ஸ்டீரியோஃபைல்’ சஞ்சிகையைத் தொடங்கினார். ஹரி பியர்சன் 1973 இல் ‘த அப்சொலூட் சவுண்ட்’ சஞ்சிகையைத் தொடங்கினார். பியர்சன் வைத்த அளவுகோல் அதன் பெயரிலேயே இருக்கிறது: மின்பெருக்கம் இல்லாத உண்மையான வாத்தியங்கள், உண்மையான ஓர் இடத்தில் எழுப்பும் ஒலி. அதுதான் பூரண ஒலி. வீட்டுக் கருவி அதற்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும்? வயலினுக்கும் பியானோவுக்கும் மூல ஒலி உண்டு. மண்டபத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து ஒப்பிடலாம். மின் கிற்றார் பிறக்கும்போதே ஒலிபெருக்கி வழியாகத்தான் பிறக்கிறது. சிந்தசைசருக்கு மண்டபமே இல்லை. ரோலண்ட் நிறுவனம் 1980 களின் தொடக்கத்தில் விற்ற டிஆர்-808 தாள இயந்திரத்தின் ஆழ்ந்த அடி எந்தத் தோல்வாத்தியத்தின் ஒலியும் அல்ல. ஹிப்-ஹொப் அந்த அடியின் மேல்தான் கட்டப்பட்டது. ஒப்பிட மூலம் இல்லாத இசையை ஹை-ஃபை அளவுகோலால் அளக்க முடியவில்லை. அளக்க முடியாததைத் தரமற்றது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபமாக இருந்தது.

விளைவை அவர்களே உணர்ந்திருந்தார்கள். பதிவு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ வாசிப்பு அவ்வளவு மோசமாக இருக்கும், வாசிப்பு நன்றாக இருந்தால் பதிவு மோசமாக இருக்கும் என்பது ஹோல்ட்டின் பெயரில் வழங்கும் பகடி விதி. ஹை-ஃபை பிரியர்களின் அலுமாரிகளைப் பார்த்தால் அது பகடி அல்ல என்று தோன்றும். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணையிடம் நல்ல செட் இருக்கிறது. இசைத்தட்டுகளும் நிறைய. ஆனால் ஆட்கள் வந்தால் அவர் போடுவது அதே பத்துத் தட்டுகளைத்தான். ஒருநாள் ஒரு ராப் பாட்டைப் போடச்சொல்லிக் கேட்டேன். “தம்பி, இது பாட்டுக் கேக்கிற செட், சத்தம் கேக்கிற செட் இல்லை” என்றார்.

சத்தம் பற்றிய அவர்களது முறைப்பாடு ஒன்றில் முழு நியாயமும் உண்டு. சீடி ஒன்றில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியைப் பதியலாம். 1990 களிலிருந்து பொப், ரொக் அல்பங்களில் அந்த இடைவெளியைத் திட்டமிட்டு நசுக்கினார்கள். பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரத்துக் கேட்கவேண்டும் என்ற போட்டி. உச்சங்களை வெட்டி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டால் முதற்கணம் கவரும், அரை மணிநேரத்தில் காது களைத்துவிடும். மெட்டாலிக்காவின் ‘டெத் மக்னெட்டிக்’ 2008 இல் வந்தபோது அதன் ஒலி கரகரத்து உடைந்தது. அதே பாட்டுகள் ‘கிற்றார் ஹீரோ’ கணினி விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் வந்திருந்தன. வித்தியாசத்தை முதலில் கண்டு சத்தமிட்டவர்களில் மெட்டல் ரசிகர்களே அதிகம், திரும்ப ஒழுங்காக வெளியிடச் சொல்லி மனுவும் போட்டார்கள். பிழை பதிவை இறுதிப்படுத்திய விதத்தில் இருந்தது. மெட்டல் என்ற இசைவகையில் அல்ல. ஹை-ஃபை உலகம் இந்த இரண்டையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகிறது.

ஒலியைப் பற்றிய தீர்ப்பு என்று சொல்லப்படுவதில் வேறு சங்கதிகளும் கலந்திருக்கின்றன. கெய்ர் கீட்லி என்ற ஆய்வாளர் 1996 இல் ‘பொப்பியூலர் மியூசிக்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையை ஊடகக் கற்கை படித்தவர்கள் பலர் சந்தித்திருப்பார்கள். போருக்குப் பிந்திய அமெரிக்காவில் நடுத்தர வர்க்க ஆண்கள் வீட்டுக்குள் தமக்கென ஓர் இடத்தைப் பிடிக்க ஹை-ஃபையைப் பயன்படுத்தினார்கள் என்பது அவரது வாதம். தொலைக்காட்சி பெண்களுக்குரியது, பொதுசனத்துக்குரியது; ஹை-ஃபையும் இசைத்தட்டும் ஆணுக்குரியவை, கலைக்குரியவை என்ற பிரிவினை அப்போதே வந்துவிட்டது. நடனத்துக்கான இசை, பதின்ம வயதுப் பெண்கள் கூச்சலிடும் இசை, கறுப்பினத்தவரின் தெரு இசை எல்லாம் கோட்டின் அந்தப் பக்கம் போயின. சோதனைப் பாட்டில் மட்டும் பெண் குரல்தான் வேண்டும் என்பது இதில் சிரிக்கவேண்டிய இடம்.

ஒதுக்கப்பட்ட இசையின் பக்கம் ஒலியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் இருந்தார்கள் என்று எண்ணினால் அது பெரிய பிழை. டிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். 1979 ஜூலை 12 அன்று சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். செய்தவர்கள் ஹை-ஃபை பிரியர்கள் அல்ல, ரொக் ரசிகர்கள். ஆனால் டிஸ்கோ மலிந்த சரக்கு என்ற எண்ணம் இருசாராருக்கும் பொதுவானது. அந்த டிஸ்கோ வளர்ந்த இடங்களில் ஒன்று, நியூயோர்க்கில் டேவிட் மன்குசோ தன் வீட்டிலேயே 1970 முதல் நடத்திய ‘த லொஃப்ட்’ விருந்துகள். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தற்பாலீர்ப்பினரும் கூடி ஆடிய அந்த அறையில் கிளிப்ஷ்ஹோர்ன் ஒலிபெருக்கிகள் இருந்தன. பின்னாட்களில் மார்க் லெவின்சன் அம்பிளிஃபயரும், ஜப்பானில் கையால் செய்யப்பட்ட கொயெட்சு இசைத்தட்டு ஊசியும் சேர்ந்தன. எந்த ஹை-ஃபை பணக்காரரும் பொறாமைப்படும் பட்டியல் அது. மன்குசோ ஒரு கட்டத்தில் மிக்ஸரையே எடுத்து வீசிவிட்டார். அது ஒலியின் பாதையில் குறுக்கே நிற்கிறது என்பதுதான் காரணம். ஒவ்வொரு பாட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கலக்காமல் போட்டார்.

ஜமெய்க்காவில் இன்னும் வேடிக்கை. கிங்ஸ்டன் நகரில் வானொலிப் பெட்டி திருத்தும் தொழில் செய்த ஒஸ்போர்ன் றடொக், கிங் டபி என்ற பெயரில் அறியப்பட்டவர். தானே அம்பிளிஃபயர் கட்டுவார். 1960 களின் பிற்பகுதியில் அவர் தெருவில் நடத்திய சவுண்ட் சிஸ்டத்தின் பெயர் ‘ஹோம்டவுன் ஹை-ஃபை’. அந்த ஊரில் ஹை-ஃபை என்றால் தனி அறையில் ஒற்றைக் கதிரையில் இருந்து கேட்பது அல்ல. திறந்த வெளியில், அயலவர் எல்லோரும் கூடி, நெஞ்சுக்கூடு அதிர நின்று கேட்பது. டப் என்ற இசைவகையே அவரது கைகளில் இருந்து வந்தது. மெய்யான இடத்தில் நிகழ்ந்த ஒலியை நகலெடுப்பதை அவர் நோக்கமாகக் கொள்ளவில்லை. எதிரொலியையும் வெட்டுகளையும் கொண்டு இல்லாத ஓர் இடத்தை உண்டாக்கினார்.

ஹிப்-ஹொப்பில் எ டிரைப் கோல்ட் குவெஸ்ட் குழு 1991 இல் வெளியிட்ட அல்பத்தின் பெயரே அடிநாதத்தைப் பற்றிய கோட்பாடு என்று பொருள்படும் ‘த லோ எண்ட் தியரி’. அதில் ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசித்தவர் ரொன் கார்ட்டர். மைல்ஸ் டேவிஸின் 1960 களின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் இருந்த அதே ரொன் கார்ட்டர்தான். அவரது விரல் ஜாஸ் தட்டில் விழுந்தால் பூரண ஒலி, ராப் தட்டில் விழுந்தால் சத்தம் என்று சொல்ல முடியுமா?

காலப்போக்கில் கதவு கொஞ்சம் திறந்தது, ஆனால் நிபந்தனைகளோடு. புரூஸ் சுவீடீன் பதிவுசெய்த மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982) ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலத்திரனியல் இசை செய்துவந்த டாஃப்ட் பங்க் இரட்டையர் 2013 இல் ‘ரான்டம் அக்செஸ் மெமரீஸ்’ அல்பத்துக்காக உண்மையான வாத்தியக்காரரை அழைத்து நாடாவில் பதிந்தபோது ஹை-ஃபை பிரியர்கள் ஓடிவந்து வரவேற்றார்கள். சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2020 இல் அதே விருதைப் பெற்ற பில்லி ஐலிஷின் முதல் அல்பம். பெரும்பகுதி வீட்டின் படுக்கையறையில் உருவானது. காதோரம் கிசுகிசுக்கும் அந்தக் குரலுக்கு மண்டபமும் இல்லை, ஒப்பிட மூலமும் இல்லை.

2022 இல் இன்னொன்று நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பழைய மூல நாடாக்களிலிருந்து அச்சிடும் இசைத்தட்டுகள் ஹை-ஃபை வட்டாரத்தில் பொக்கிஷம்போல. சில 125 டொலர் விலை. முழுக்க அனலொக் முறையில் செய்யப்படுகின்றன என்று நம்பியே பலர் வாங்கினார்கள். 2011 முதல் அவற்றில் பலவற்றுக்கு இடையில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது என்பது அந்த ஆண்டில் வெளிவந்தது. டிஜிட்டல் ஒலியை ஒரு நொடியில் கண்டுபிடிப்போம் என்று சொல்லிவந்தவர்கள் அத்தனை ஆண்டுகளும் அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வழக்கும் நடந்தது.

நம் பக்கத்திலும் இந்த விவாதத்துக்கு ஓர் உறவினர் உண்டு. 1992 இல் ‘ரோஜா’ வந்தபின் இளையராஜா ரசிகர்கள் ஏ.ஆர். ரகுமானைக் குறைத்துச் சொல்லப் பயன்படுத்திய வாக்கியம் “அதில சவுண்ட்தான் இருக்கு, பாட்டு இல்லை” என்பது. அமெரிக்கப் பிரியர்கள் ஒலி நன்றாக இல்லை என்று பொப் இசையை ஒதுக்கினார்கள். இங்கே ஒலி மிகவும் நன்றாக இருப்பதே குற்றமாயிற்று. இன்று இளையராஜாவின் 1980 களின் இசைத்தட்டுகளை நல்ல விலை கொடுத்துத் தேடுபவர்கள் அவற்றின் ஒலியைத்தான் முதலில் புகழ்கிறார்கள்.

எங்களில் பலருடைய வீட்டு இசை ரெக்கோடிங் பாரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கசெட்டில் இருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990 களின் முதற்பாதியில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை அது. சுற்றும் கை களைத்தால் பாட்டும் தொய்யும். அந்த ஒலியை எந்த அளவுகோலில் வைப்பது என்று ஹை-ஃபை சஞ்சிகைகளில் தேடிப் பயனில்லை.

ஒலிபெருக்கி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விற்பனையாளர் டயானா குரோலைப் போட்டால் கேளுங்கள், பிறகு நிறுத்தச்சொல்லிவிட்டு நீங்கள் வீட்டில் கேட்கும் பாட்டைப் போடச்சொல்லுங்கள். பியர்சனின் அளவுகோலிலேயே சோதிக்கவேண்டுமென்றால் மண்டபம் தேடி நியூயோர்க் போகவேண்டியதில்லை. ஒலிவாங்கி இல்லாமல் கோயில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்த ஒலி மனதில் இருக்கும். தவிலின் வலந்தலையில் விழும் விரல்கூட்டின் அடி சடாரென்று எழுந்து உடனே அடங்கவேண்டும், தொப்பியின் கும்காரம் அதற்குள் குழம்பக்கூடாது, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காதைக் கிழிக்கக்கூடாது. நான் கேட்ட விலை கூடிய ஒலிபெருக்கிகளில் சில முதல் அடியிலேயே தடுமாறின.