இதயச் சுவரில் 33,000 வருஷத்துப் பழைய பிழை

ஊரூர் ஒல்காட் குப்பமோ, பக்கத்து பெசன்ட் நகர் அபார்ட்மென்ட்டோ, சின்ன வயசு ஆள் திடீர்னு சாய்ந்தால் 'அட்டாக்' என்று ஒரே வார்த்தையில் கோப்பை மூடிவிடுகிறோம். பிரேதப் பரிசோதனை கிடையாது. தம்பிக்கும் அதே கோளாறு இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1958-ல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், திடீரென இறந்த இளைஞர்களின் இதயத் தசை ஒரு பக்கமாகத் தடித்திருப்பதை எழுதிவைத்தார். இது குடும்பத்தில் இறங்கி வருவது என்பது பிறகு தெளிவானது. காரணமான முதல் மரபணுப் பிழை 1990-ல்தான் பிடிபட்டது.

நம்ம கதை 2003-ல் தொடங்குகிறது. இரண்டு இந்தியக் குடும்பங்களில், இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட கட்டுரை, தெற்காசியர்களில் சுமார் 4% பேரிடம் இது உண்டு என்றது. பிழையின் வயது ஏறக்குறைய 33,000 வருஷம்! இத்தனைக்கும் அழிந்தது புரதத்தை எழுதும் பகுதி இல்லை, இடையில் வரும் பகுதி. கமென்ட் வரியை அழித்ததும் பில்ட் உடைந்த மாதிரி. தொல்லை பெரும்பாலும் நடுவயது தாண்டித்தான் வரும், அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடும். இயற்கைத் தேர்வு இதை வடிகட்டாததற்கு அதுதான் காரணம்.

4% என்றதும் பயப்பட வேண்டாம். சக்திவேல் சடையப்பன் குழு 2018-ல் காட்டியபடி, அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிலரிடம்தான் இதயம் அளவுக்கு மீறி இறுகித் துடிக்கிறது.

இதோடு பிறவியிலேயே ரத்தக் குழாயிலும் கோளாறு சேர்ந்தால்? இதயத்தின் மேலே ஓட வேண்டிய தமனி சிலருக்குத் தசைக்குள் புகுந்து போகும். மருத்துவர்கள் இதைத் 'தசைப் பாலம்' என்கிறார்கள். (குப்பத்துக்கு வடக்கே நிற்கும் உடைந்த பாலம் இல்லை!) 1737-லேயே பதிவானது. தசை தடித்த இதயங்களில் இது அதிகம் தென்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குழாய் நசுங்குகிறது. இரண்டும் சேர்ந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று 1998-ல் டொரன்டோ ஆய்வு சொன்னது. 2003-ல் மேயோ கிளினிக் பெரியவர்களைப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

எக்கோவில் தடித்த சுவர் தெரியும். புதைந்த குழாயைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோ வேண்டும்.